பரணிலிருந்து வந்தவர்கள்

தப்பு நடந்தது சோதனையில். லிங்க் சேர்த்து வைக்கிற செயலி ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் போன தாழையடி நகர் குடியிருப்போர் நலச்சங்கம், அதில் போட்டு வைக்க முடிகிறதா என்று பார்த்ததே தவிர, போட்டதைத் திரும்ப எடுக்க முடிகிறதா என்று பார்க்கவில்லை. அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதன் பின்னால் வந்தது.

சோதித்தவர்கள் மூன்று பேர். செயலாளர் பரமானந்தம், ஓய்வுபெற்ற தாசில்தார். பேராசிரியர் அருள்மணி, விலங்கியல். மூன்றாவது ஆள் ஆவுடையப்பன், கருவூலத்தில் கண்காணிப்பாளராக இருந்தவர், பேச்சு குறைவு, பொறுமை அதைவிடக் குறைவு. மூவரும் கோப்பைக் கட்டி அலமாரியில் ஏற்றினால் வேலை முடிந்தது என்று நம்பி ஆயுசைக் கழித்தவர்கள்; ஏற்றியதை இறக்கிப் பார்ப்பது அடுத்து வருகிறவனின் தலையெழுத்து. பாளையங்கோட்டைக்குத் தெற்கே அந்தக் காலனியில் பாதி வீடு இப்படிப்பட்ட ஆட்கள்தான். சோதனை வேறு எப்படி நடக்கும்?

செயலி எதற்கு என்றால், வாட்ஸப் குழுவின் தொல்லை தாங்கவில்லை. விடிந்தால் போதும், மூட்டுவலிக்கு முடக்கத்தான், வீட்டுவரியை ஆன்லைனில் கட்டுவது, கருணைக்கிழங்கை நாக்கு அரிக்காமல் வேகவைப்பது, பேரனுக்கு என்ன பேர் வைக்கலாம், கண்புரை ஆபரேஷனுக்கு எந்த லென்ஸ் நல்லது என்று லிங்க்குகள் வந்து குவியும், குவிந்தது மேலே மேலே போய் மறையும், மறைந்த மறுநாள் யாராவது ஒருத்தர் 'அந்த லிங்கை மறுபடி போட முடியுமா' என்று கேட்பார், எந்த லிங்க் என்று அவருக்கே தெரியாது, உடனே சண்டை வரும். ஆளாளுக்குச் சேர்த்து வைத்துக்கொள்ள ஏதாவது ஒரு செயலியைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று பொதுக்குழு தீர்மானம் போட்டது.

மூன்று செயலி பார்த்தார்கள். முதலாவதில், போனை மாற்றினால் எல்லாம் போயிற்று. இரண்டாவதற்குத் தமிழ் தெரியவில்லை. வீட்டுவரி என்று அடித்தால் கட்டம் கட்டமாகக் காட்டியது. மூன்றாவதன் பெயர் பரண். யார் செய்தது, எங்கிருந்து வந்தது என்று பரமானந்தம் பிற்பாடு எவ்வளவோ தேடினார், கிடைக்கவில்லை, அதை விடுங்கள். பரணில் ஒரு தட்டு தட்டினால் போதும், லிங்க் உள்ளே போய்விடும். போகும்போது மரப்பலகையில் பெட்டியை இழுக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். தேடுவதற்கு மேலே ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அதை ஒருவரும் தொடவில்லை.

ஆவுடையப்பன் தன் பங்குச் சோதனையை மனைவி தலையில் கட்டினார். ஓய்வுபெற்ற மனுஷருக்கு நேரமில்லை.

"இந்தா, இதுல ஒரு லிங்க் போட்டுப் பாரு. போகுதா இல்லியான்னு மட்டும் சொல்லு."

"எதைப் போட?" என்றாள் சங்கரவடிவு.

"எதையாச்சும் போடு. எல்லாத்துக்கும் எங்கிட்டக் கேட்டா நான் எதுக்கு ஒங்கிட்டக் குடுக்கேன்?"

அவள் போனை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். கொஞ்ச நேரம் கழித்துப் பலகை இழுபடுகிற சத்தம் கேட்டது.

"போயிட்டு" என்றாள்.

"நல்லா இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு."

'நன்று' என்று சொல்லி ஆவுடையப்பன் சோதனையை முடித்தார். எதைப் போட்டாய் என்று கேட்கவில்லை.

காலனியில் எல்லாரும் பரணை ஏற்றிக்கொண்டு இஷ்டத்துக்குப் போட ஆரம்பித்த அந்த வாரமே, ஒரு காலையில், வாசல் தெளிக்கக் கதவைத் திறந்த பெண்கள் வாசலில் ஆட்கள் நிற்பதைப் பார்த்தார்கள். ஆணும் பெண்ணுமாக, சலவை செய்த துணியில், எங்கோ பார்த்த மாதிரியும் எங்கே என்று பிடிபடாத மாதிரியுமான முகங்களோடு, ஒவ்வொரு வீட்டு கேட்டுக்கும் வெளியே, கதவைப் பார்த்து நின்றார்கள். யார் எத்தனை லிங்க் போட்டிருந்தார்களோ அத்தனை பேர். பிற்பாடு யாராவது புதிதாக ஒன்று போட்டால், பலகைச் சத்தம் அடங்குவதற்குள் வாசலில் ஒரு ஆள் கூடியிருப்பார். அதனால் அவர்கள் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கத்திக் கூப்பாடு போடவில்லை யாரும். சங்கரவடிவு வாளியும் கையுமாக, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, தண்ணி படும்" என்றாள். தள்ளி நின்றார்கள். அவள் தெளித்து முடித்ததும் பழைய இடத்துக்கே வந்து நின்றார்கள். கோலத்தை அவர்கள் கால்களைச் சுற்றிப் போட்டாள். தெருவில் எல்லாரும் அப்படியே செய்தார்கள்.

அவர்கள் பேசவில்லை. தண்ணீர் கொடுத்தால் டம்ளரை வாங்கி வைத்துக்கொண்டார்கள், குடிக்கவில்லை. நிழல் இருந்தது, ஆனால் வெயில் எந்தப் பக்கம் அடித்தாலும் நிழல் வீட்டைப் பார்த்தே விழுந்தது. வீட்டுக்காரர் வெளியே வந்தால் மட்டும், அவர் வாசலில் நிற்கிற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுப்பார்கள், ஏதோ சொல்ல வாயெடுக்கிறவர்கள் மாதிரி. வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். மூச்சை விட்டுவிடுவார்கள். காலையில் பால் வாங்கப் போகிற நேரத்தில் தெரு முழுக்க அந்த மூச்சுச் சத்தம் கேட்கும், இழுப்பதும் விடுவதும், இழுப்பதும் விடுவதும், கடற்கரையில் வீடு கட்டிக்கொண்ட மாதிரி.

ஊர் எதற்குத்தான் பழகாது? முதலில் பால்காரர் ஏதோ கல்யாணம் என்று நினைத்துக் கூடுதலாகப் பால் கொண்டுவந்தார், பிறகு அவரும் பழகிக்கொண்டு அவர்கள் கை டம்ளரிலேயே ஊற்றிவிட்டுப் போனார். கரண்ட் பில் கட்டுகிற வரிசையில் இடம்பிடிக்க ஆளுக்கு ஒருத்தரைக் கூட்டிப் போனார்கள், வீட்டுக்காரர் கூடவே இருந்தால் வருவார்கள், அவர் டீ குடிக்க நகர்ந்தால் வரிசையை விட்டுவிட்டு அவர் பின்னாலேயே போய்விடுவார்கள் என்று தெரிந்ததும் அதை நிறுத்தினார்கள். ஆட்டோக்காரர்கள் அவர்களைச் சுற்றி வளைந்து ஓட்டப் பழகினார்கள். போலீஸ்காரர் ஒருவர் வந்து பார்த்தார், நிற்பது குற்றமில்லை என்று சொல்லிவிட்டு, தன் வீட்டு வாசலில் நிற்கிறவர்களை என்ன செய்யலாம் என்று தனியாக விசாரித்துவிட்டுப் போனார். மழை வந்தபோது தார்ப்பாய் கட்டினார்கள். பிறகு அது கௌரவமாயிற்று. வாசலில் ஆள் நிற்க நிற்க வீட்டுக்காரர் விஷயம் தெரிந்தவர் என்றாயிற்று. பேராசிரியர் வாசலில் தொடங்கின கூட்டம் தெருமுனை டிரான்ஸ்பார்மர் வரை நின்றது, அவர் அதன் நடுவே பல்கலைக்கழகத்துக்குள் நடக்கிற மாதிரி நடந்தார். பெண் பார்க்க வந்தவர்கள் வாசலைத்தான் முதலில் பார்த்தார்கள்.

"ஒரு ஆளுகூட நிக்கலியே? ஒண்ணுமே படிக்காத குடும்பமா?" என்று கேட்ட மாப்பிள்ளை வீட்டாரிடம், "படிச்சிருந்தா எதுக்கு நிக்கப் போறாவ?" என்று திருப்பிக் கேட்டவள் ஆவுடையப்பனின் அடுத்த வீட்டுக்காரி. அவள் வாசல் மட்டும்தான் அந்தத் தெருவில் காலி. எதையும் போட்டு வைக்க மாட்டாள், வந்ததை அங்கேயே படித்துவிட்டு எதிர்ப்படுகிறவளிடம் சத்தமாகச் சொல்லிவிடுவாள். சம்பந்தம் முறிந்தது, மகளுக்கு வேறு இடத்தில் முடிந்தது. அவளோடு ஆவுடையப்பனுக்குப் பேச்சு கிடையாது. அவள் வீட்டு மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிந்து இவர் வீட்டுச் சுவரை நனைத்ததில் வந்த சண்டை. அன்றிலிருந்து அவள் பெயரை அவர் வாயால் சொன்னதில்லை. தொட்டிக்காரி என்பார். சங்கரவடிவு அப்போதெல்லாம் முறத்தை எடுத்துக்கொண்டு மதிலோரம் போய்விடுவாள்.

ஐப்பசியில் முதல் முகம் அழிந்தது. பேராசிரியர் வாசலில் தட்டான்பூச்சி பற்றிய ஒரு லிங்க்குக்கு நின்ற ஆள், காலையில் பார்த்தால் மூக்கு இல்லை, மறுநாள் கண் இல்லை, அதற்குப் பிறகு தேய்ந்த சோப்பு மாதிரி வழுவழுவென்று ஒன்றுமே இல்லை. உலகத்தில் எங்கேயோ யாரோ அந்தப் பக்கத்தை மூடிவிட்டார்கள். பக்கம் போனால் முகம் போகும். ஆனால் ஆள் போகவில்லை. நின்றார். பேராசிரியர் வெளியே வந்தபோது அவரும் மூச்சை இழுத்தார், எதன் வழியாக என்று தெரியவில்லை. அப்படி ஒவ்வொரு வாசலிலும் ஒன்றிரண்டு சேர்ந்தன. குழந்தைகள் பயப்படுகிறார்கள் என்று கொரோனாக் காலத்து மாஸ்க்கை எடுத்துக் கட்டிவிட்டார்கள். கட்டியது நழுவி விழுந்தது. பிடித்து வைக்க அங்கே ஒன்றும் இல்லை.

தை மாசம் சங்கரவடிவு செத்துப்போனாள். காய்ச்சல் என்று படுத்தாள், எழுந்திருக்கவில்லை. தூக்கிப் போனபோது வாசலில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். காரியம் முடிந்து ஆவுடையப்பன் ஈரவேட்டியோடு வீட்டுக்குள் வந்தபோது, ஒரு பெண் கூடத்தில் நின்றாள். அவர் வாசல் கூட்டத்தில் நின்றவள்தான், குட்டையான உருவம், இழுத்துக் கட்டின சடை, காப்பிப்பொடி நிறத்தில் சேலை. இத்தனை நாளும் அவளைத் தன்னுடைய லிங்க் என்றே நினைத்திருந்தார். மற்றவர்கள் எல்லாம் வெளியே நிற்க, இவள் மட்டும் கேட்டைத் திறந்து, படியேறி, உள்ளே வந்து, அடுப்படியைப் பார்த்து நின்றாள். அவள் நிழலும் அடுப்படியைப் பார்த்தே விழுந்தது.

துக்கம் கேட்க வந்தவர்கள் அவளிடமும் தலையை அசைத்துவிட்டுப் போனார்கள்.

ஆவுடையப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. இவள் சங்கரவடிவு போட்ட லிங்க். அவள் பிறகு படிக்கலாம் என்று எடுத்து வைத்தது. அந்த மனுஷி இந்த உலகத்தில் விட்டுப்போன ஒரே ஒரு ஆசை, சேலை கட்டிக்கொண்டு கூடத்தில் நிற்கிறது. அது என்ன?

"என்ன வேணும் ஒனக்கு?" என்று கேட்டார்.

அவள் மூச்சை இழுத்தாள். அடுப்படியைப் பார்த்தாள். மூச்சை விட்டாள்.

"சொல்லேன். எங்கிட்டச் சொல்லு. நான் அவ புருஷன்தான்."

இழுத்தாள், விட்டாள். பகலெல்லாம் கேட்டார், அதட்டிக் கேட்டார், கடைசியில் கெஞ்சியும் கேட்டார், அவர் ஆயுசில் கெஞ்சியது அதுதான். மறுநாள் காலையில் காப்பியோடு வந்து பார்த்தபோது அவளுடைய இடது புருவம் இல்லை.

பக்கம் மூடப் போகிறது. அவ்வளவுதான் அவகாசம். முகம் முழுக்க அழிவதற்குள் இவள் பேசாவிட்டால், சங்கரவடிவு என்ன நினைத்தாள் என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும், மூச்சு மட்டும் கூடத்தில் நின்றுகொண்டிருக்கும், அவர் சாகிற வரைக்கும்.

அப்போதுதான் பரணின் தேடுகிற கட்டத்தில் விரல் வைத்தார். அந்தக் காலனியிலேயே அதைத் தொட்ட முதல் ஆள் அவர்தான்.

சமையல் என்று அடித்தார். அப்படி ஒன்றும் இல்லை என்றது. கோலம் என்று அடித்தார். அப்படி ஒன்றும் இல்லை. முழங்கால், சர்க்கரை, திருச்செந்தூர், வெள்ளிக்கிழமை விரதம், மல்லிகைச்செடி, மகள், பேத்தி. அப்படி ஒன்றும் இல்லை, அப்படி ஒன்றும் இல்லை. ஒரு பகல் முடிவதற்குள் மனைவியைப் பற்றி அவருக்குத் தெரிந்த சொற்கள் எல்லாம் தீர்ந்துபோயின.

புனேயில் இருக்கிற மகளைக் கூப்பிட்டார்.

"அம்மைக்கு என்ன புடிக்கும்?"

"எங்கிட்டக் கேக்கியளாப்பா? கூட இருந்தது நீங்கதானே?" என்றாள் மகள். பிறகு அழுதாள். பிறகு, "கடல் புடிக்கும்னு நெனைக்கேன்" என்றாள்.

கடல் என்று அடித்தார். அப்படி ஒன்றும் இல்லை.

விஷயம் பரவியது. காலனியே ஆளுக்கொரு சொல்லை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்தது. பூக்காரி வந்து, "கனகாம்பரம்னு போட்டுப் பாருங்க ஐயா, அம்மா அதைத்தான் கேப்பாவ" என்றாள். பேராசிரியர் மனைவி ஆவுடையப்பன் காதில் படாமல் ஒரு வியாதியின் பெயரைத் தானே அடித்துப் பார்த்துவிட்டு, நல்லவேளை இல்லை என்று நிம்மதியாகப் போனாள். பேராசிரியர் அகர வரிசையில் போகலாம் என்றார்.

"அதுக்குள்ள இவளுக்கு வாய் போயிரும்வே" என்றார் ஆவுடையப்பன்.

பரமானந்தம், "இதுக்கு ஒரு துணைக்குழு போடணும்" என்றார்.

"போடும். போட்டுட்டு வெளிய போம்."

வந்தவர்கள் எல்லாரும் கூடத்துப் பெண்ணைச் சுற்றி நின்று, கத்தரிக்காய், காதுகுத்து, கண்ணாடி வளையல், ரேசன் அட்டை என்று அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சொன்னார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. வலது கண் போயிற்று. மூக்கு மழுங்கியது. அடுத்த நாள் நெற்றிக்கும் கன்னத்துக்கும் நடுவே வேறுபாடு இல்லாமல் போயிற்று. வாய் மட்டும் மிச்சம், அது மட்டும் ஒவ்வொரு தடவையும் திறந்து மூடியது.

மூன்று மணி வெயிலில், கேட்டைத் தள்ளிக்கொண்டு அடுத்த வீட்டுக்காரி வந்தாள்.

"நான் உள்ள வாரேன் அண்ணாச்சி. வேண்டாம்னு சொன்னாலும் வருவேன். ஊரே வந்து பாத்துட்டுப் போவுது, வடிவக்கா என்ன வச்சுட்டுப் போனாவன்னு நான் மட்டும் சுவத்துக்கு அந்தப் பக்கம் இருந்து ஒட்டுக்கேக்க முடியாது."

ஆவுடையப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் போ என்று சொல்லவில்லை.

அவள் கூடத்தில் கால் வைத்ததும், அத்தனை நாளும் அடுப்படியைப் பார்த்து நின்றவள் திரும்பினாள். கண் இல்லாத அந்த முகம் அடுத்த வீட்டுக்காரியின் முகத்துக்கு நேராக வந்து நின்றது. மூச்சை இழுத்தாள். இந்தத் தடவை விடவில்லை. பேசினாள். ஆணும் இல்லாத பெண்ணும் இல்லாத, எழுத்துக் கூட்டாமல் ஒரே சீராக வாசிக்கிற குரலில்:

"ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு ஸ்கூட்டர் கற்றுத் தருகிறோம். பயப்பட வேண்டாம். முதல் நாள் வண்டியைக் கிளப்ப மாட்டோம். சும்மா ஏறி உட்கார்ந்து இரண்டு காலும் தரையில் படுகிறதா என்று பார்த்தால் போதும். இரண்டாம் நாள் காலால் உந்தி உந்தி நகர்த்த வேண்டும். சேலையில் வரலாம், பின்கொசுவத்தைச் செருகிக்கொள்ளவும். கற்றுத் தருகிறவர்கள் எல்லாரும் பெண்கள். இருவராகச் சேர்ந்து வந்தால் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும்."

இன்னும் சொன்னாள். கண்ணாடி பார்ப்பது, பிரேக் பிடிப்பது, வளைவில் வேகம் குறைப்பது. அந்தப் பக்கத்தின் அடியில் யார் யாரோ எழுதின கருத்துகளையும் சொன்னாள், 'என் மாமியார் ஓட்டுகிறார்', 'நான் விழுந்தேன், பரவாயில்லை'. சொல்லிக்கொண்டு வரும்போதே உதடு மங்கிக்கொண்டு வந்தது. கடைசிச் சொல்லும் உதடும் சேர்ந்தே முடிந்தன. பிறகு அவள் படியிறங்கி, தெருவில் இறங்கி, பஸ்ஸுக்கு நேரமானவள் மாதிரி வேகமாக நடந்து போனாள். டிரான்ஸ்பார்மரைத் தாண்டினதை யாரும் பார்க்கவில்லை.

"ஸ்கூட்டரா?" என்றார் ஆவுடையப்பன்.

"பின்ன? நானும் அக்காவும் பழகி, உவரிக்குப் போயிக் கடல்ல நிக்கணும்னு இருந்தோம். நீங்க எங்க கூட்டிட்டுப் போனிய? கோயிலுக்குள்ள சாமி கும்பிட்டுக்கிட்டு இருக்கும்போதே வெளிய நின்னு ஹாரன் அடிப்பிய." சேலைத்தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "ஒனக்கு ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன்டி, சாவகாசமா வா காட்டுதேன்னு மதில்ல வச்சுச் சொன்னாவ. காட்டல."

அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஸ்கூட்டர்னு நான் போட்டுப் பாக்கல."

"போட்டாலும் வந்திருக்காது. எனக்குன்னு எடுத்து வச்சது நான் வந்தாத்தான், இல்ல எம்பேரைச் சொன்னாத்தான் வரும். எல்லாரும் என்னத்தைன்னு தேடுதிய. யாருக்குன்னு தேடுங்க."

பரணுக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டாம். தெரிந்திருந்தது. மறுநாள் காலனி முழுக்கத் தேடுகிற கட்டத்தில் பெயர்களை அடித்தார்கள். மூட்டுவலி லிங்க் மாமியார் பெயரைச் சொன்னதும் திரும்பியது. கண்புரைக்கு நின்ற ஆள், வீட்டுக்காரர் பேசாமல் விட்டிருந்த தம்பியின் பெயருக்குத் திரும்பினார். தம்பியை மேலப்பாளையத்திலிருந்து வரவழைத்து எதிரே உட்கார வைக்க வேண்டியிருந்தது. பெங்களூர் மகன்களுக்கும் துபாய் மருமகன்களுக்கும் வீடியோ கால் போட்டு, போனை அந்த ஆட்களின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார்கள். மகன்கள், "அப்பா, மீட்டிங்ல இருக்கேன்" என்றார்கள். "கேட்டுட்டுப் போலே" என்றார்கள் அப்பாக்கள். சொல்லி முடித்தவர்கள் நடந்து போனார்கள். தன் பெயரைத் தானே அடித்துப் பார்த்தவர்களும் உண்டு. பேராசிரியர் அடித்தார். அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒரு ஆள்கூடத் திரும்பவில்லை.

ஆவுடையப்பன் வாசலில் நின்றவர்கள் அப்படியே நின்றார்கள். மகள் பெயரை அடித்தார், பேத்தி பெயரை அடித்தார், இரண்டு மூன்று பேர் கழிந்தார்கள். மிச்சப் பேர்? யாருக்காக எடுத்து வைத்தோம்? அவருக்கே தெரியவில்லை. கடைசியில், வேறு பெயர் இல்லாததால், வடிவு என்று அடித்தார்.

கேட் திறந்தது. அத்தனை பேரும் உள்ளே வந்தார்கள். படியேறி, கூடத்தை நிறைத்து, நாற்காலிக்கும் டிவிக்கும் இடையே தோளோடு தோள் ஒட்டி, அடுப்படியைப் பார்த்து நின்றார்கள்.

தெருவில் மற்ற வீடுகளிலும் அதுவே நடந்துகொண்டிருந்தது. உயிரோடு இருந்தவர்களுக்கானது எல்லாம் தீர்ந்து, செத்தவர்களுக்கானது மட்டும் மிஞ்சியது. அவர்கள் வீடுகளுக்குள் வந்து, செத்தவர் எங்கே இருப்பாரோ அந்த இடத்தைப் பார்த்து நின்றார்கள். பரமானந்தம் வீட்டில் அவருடைய அண்ணன் உட்கார்ந்து ஷேவ் செய்கிற ஜன்னலைப் பார்த்து. பேராசிரியர் வீட்டில், விபத்தில் போன மாணவன் ஒருத்தன் வழக்கமாகச் சைக்கிளைச் சாய்த்து வைக்கிற தூணைப் பார்த்து. இழுத்தார்கள், விட்டார்கள். முகங்கள் ஒவ்வொன்றாக அழிந்தன. பெண்கள் தட்டை ஏந்திக்கொண்டு அவர்களுக்கு ஊடே வளைந்து வளைந்து போய்ப் பரிமாறினார்கள். குழந்தைகள் ஜன்னலில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். யாருமில்லை என்று சொன்னவர்களும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

ஆவுடையப்பன் நாலு நாள் பொறுத்தார். அவருக்கு அது அதிகம். பிறகு மதிலோரம் போய் நின்றார்.

"ஏம்மா."

"என்ன அண்ணாச்சி, தண்ணி வழியுதா?" என்றாள் அவள், துணி காயப் போட்டுக்கொண்டே.

"இல்ல. ஆளு வந்து நிக்கி. அவளைக் கேக்குது."

அவள் கையிலிருந்த துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு வந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே அடுப்படிக்குள் போனாள். அங்கே சங்கரவடிவு காய் நறுக்க உட்காருகிற மணைக்கட்டை சுவரில் சாய்ந்திருந்தது. எடுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வடிவக்கா இல்ல. நான் கேக்கேன், சொல்லுங்க" என்றாள்.

இழுத்தார்கள், விட்டார்கள்.

உள்ளே இருந்து அவள், "அண்ணாச்சி, நீங்க கூப்பிடுங்க. எப்பவும் கூப்பிடுத மாதிரி கூப்பிடுங்க" என்றாள்.

ஆவுடையப்பன் கூடத்தின் நடுவில், முகமில்லாதவர்களும் பாதி முகம் உள்ளவர்களும் நெருக்கி நின்ற இடத்தில் நின்றுகொண்டு, அடுப்படியைப் பார்த்து, "வடிவு" என்றார். அது கரகரத்துப் பாதியில் நின்றது. மறுபடி, எப்போதும் வெளியே கிளம்பும்போது அதட்டுகிற அதே அதட்டலோடு, "ஏ வடிவு!" என்றார்.

"என்னங்க? சொல்லுங்க" என்று பதில் வந்தது அடுப்படியிலிருந்து.

யாருடைய குரல் என்று அவர் எட்டிப் பார்க்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அத்தனை பேரும், வாய் போனவர்கள் மூச்சாலேயே, பேசத் தொடங்கினார்கள். ஒருத்தர் முடித்து அடுத்தவர், ஒருத்தர் முடித்து அடுத்தவர். ஈரத்திலும் கால் வழுக்காத அடுப்படித் தரை ஓடு. இடுப்பு வலிக்காமல் நின்று அரைக்க எவ்வளவு உயரத்தில் மேடை கட்ட வேண்டும். நாள்பட்ட இருமலுக்கு ஆடாதொடை இலை. தெற்கேயிருந்து காசிக்குக் கீழ்ப்படுக்கை எடுப்பது எப்படி. பெண்டாட்டியோடு சண்டை போடாமல் இருப்பது பற்றி ஒரு டாக்டர் எழுதியதுகூட ஒன்று இருந்தது. ஒவ்வொன்றுக்கும் அடுப்படியிலிருந்து "ம்" என்று கேட்டது. ஒன்றுக்கு, "இதை அப்பவே சொல்லியிருக்கலாம்லா?" என்று கேட்டது. அவர் சுவரைப் பார்த்தபடி தலையை ஆட்டினார்.

சாயந்திரம் ஆவதற்குள் கூடம் காலி. அவள் மணைக்கட்டையைச் சாய்த்து வைத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, தன் வீட்டுக்குப் போனாள். மறுநாள் பரமானந்தம் வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அதற்கடுத்த நாள் பேராசிரியர் வீட்டுத் தூணடியில். கூப்பிட்டவர்கள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்களோ அதற்கெல்லாம் என்ன என்று கேட்டாள், அண்ணனுக்கு அண்ணனாக, மாணவனுக்கு மாணவனாக, வாய் அழிந்தவர்கள் மூச்சாலேயே சொன்னதையும் தலையசைத்துக் கேட்டாள், கடைசி ஆள் டிரான்ஸ்பார்மரைத் தாண்டிப் போகிற வரைக்கும் வீடு வீடாகப் போனாள். வீட்டுக்கு வீடு கூப்பிட்டவர்கள் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்கள்.

இப்போது தாழையடி நகரில் யாரும் எதையும் போட்டு வைப்பதில்லை. தெரு சுத்தமாக இருக்கிறது. சங்கம்தான் நடவடிக்கை எடுத்துச் சரிசெய்தது என்று பரமானந்தம் ஆண்டுவிழாவில் பேசினார். பேராசிரியர், அது படிப்படியாகத் தானே சரியாகிற விஷயம்தான் என்று விளக்கினார். கூட்டத்தின் கடைசி வரிசையிலிருந்து ஆவுடையப்பன் எழுந்து, "பொய் சொல்லாதியும்வே" என்றார். பிறகு, தொட்டிச் சண்டைக்கு அப்புறம் அவர் வாயில் வராத அந்தப் பெயரை, ஊர் கேட்கச் சொன்னார்:

"முப்பிடாதி."